ஆரணி கொட்டாஞ்சேனையில் நின்றுவிட்டாள்

1

அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு வந்து நிற்கச் சொல்லி அண்ணா ஒவ்வொரு வருடமும் கேட்பார். லீவு இல்லை என்று நானும் ஒவ்வொரு வருடமும் சொல்வேன். இந்த முறை அவருக்கு நெஞ்சில் ஒரு சின்னச் சிகிச்சை நடந்திருந்தது. மறுக்க மனம் வரவில்லை. மகள் ஆரணியும் வருகிறேன் என்றாள். போகும்போது இரண்டு பேராகப் போனோம், திரும்பி வரும்போது நான் தனியாக வந்தேன். அண்ணா இருக்கிற வெள்ளவத்தையில் இதைப் பற்றிப் பலரும் பலவிதமாகக் கதைப்பதாகக் கேள்விப்பட்டேன். நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுவது நல்லது.

ஆரணிக்கு இருபது வயது. கிளாஸ்கோவில் பிறந்தவள், அங்கேயே பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கிறாள். ஸ்கொட்லாந்து பிரிந்து தனிநாடாக வேண்டும் என்று சனிக்கிழமைகளில் துண்டுப்பிரசுரம் கொண்டு வீடு வீடாகப் போகிற இளைஞர் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. மழை பெய்தாலும் போவாள். நனைந்து வந்து ஹீட்டரில் காலுறையைக் காயப்போட்டுவிட்டு, எந்தத் தெருவில் எத்தனை பேர் மனம் மாறினார்கள் என்று எனக்குச் சொல்வாள். நான் கேட்டுக்கொண்டே சோறு போடுவேன்.

அவளுடைய பையில் நீல நிற பட்ஜ் ஒன்று குத்தியிருக்கும். ஆங்கிலத்தில் ஏ, வை, ஈ என்று மூன்றே எழுத்து. ‘ஐ’ என்று வாசிக்க வேண்டும். அந்த ஊர்க்காரர் சொல்லும் ‘ஓம்’ அது. நான் போன புதிதில் பஸ் சாரதிகள் அதைச் சொல்லும்போதெல்லாம் யாரோ சிங்களத்தில் ‘அய்யே’, அதாவது அண்ணா, என்று கூப்பிடுவதாக நினைத்துத் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

பிரிவதா வேண்டாமா என்று அங்கே வாக்கெடுப்பு நடந்தபோது ஆரணி சின்னப் பிள்ளை. நான் ‘வேண்டாம்’ என்று போட்டேன். பிரிவதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் எந்த அரசியல் நியாயமும் இருக்கவில்லை. பென்சிலை எடுத்ததும் கை தானாக அந்தக் கட்டத்துக்குப் போனது, அவ்வளவுதான். தனிநாடு என்ற சொல்லைக் கேட்டால் என் உடம்புக்கு முதலில் ஞாபகம் வருவது எண்பத்துமூன்று கலவரத்தில் எங்கள் வெள்ளவத்தை வீடு எரிந்த மணம். அதன் பிறகு இரத்மலானை விமான நிலையத்தில் அகதிகளாக சீமெந்துத் தரையில் அம்மாவோடு ஒட்டிக்கொண்டு படுத்தது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

நான் எதற்குப் போட்டேன் என்று ஆரணி பள்ளிக்கூடக் காலத்தில் ஒருநாள் கேட்டாள். சொன்னேன். அன்றைக்கு முழுக்க அவள் என்னோடு கதைக்கவில்லை. இரவு படுக்கப் போகும்போது மட்டும், “உங்களுக்கு ஒரு நாடு வேணும் எண்டு கேட்ட ஆக்கள் நீங்கள். எனக்கு வேண்டாம் எண்டு நீங்களே போட்டிருக்கிறீங்கள்,” என்றாள்.

2

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு அண்ணா வானோடு வந்திருந்தார். சாரதி ஒரு சிங்கள இளைஞன், நல்ல கலகலப்பு. பெட்டிகளை ஏற்றும்போது ஆரணியின் பையைப் பார்த்துவிட்டு, மூன்று எழுத்தையும் கூட்டி, “அய்யே,” என்று வாசித்தான். “என்னையா கூப்பிடுகிறீர்கள்?” என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தான். நான் ஆரணிக்கு மொழிபெயர்த்தேன். அவளும் சிரித்தாள்.

அண்ணாவும் சிரித்துக்கொண்டே, “அது என்ன பிள்ளை?” என்றார்.

“இது எங்கட நாட்டைப் பிரிக்கிறதுக்கு, மாமா,” என்றாள் ஆரணி. அவளுடைய தமிழ் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, எல்லோருக்கும் கேட்கும்படி வரும். “ஸ்கொட்லாந்து தனிநாடு.”

அண்ணாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. கண் மட்டும் சாரதியின் பக்கம் போய் வந்தது. வான் நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு என் காதருகே குனிந்து, “வீட்ட போனவுடன அதைக் கழட்டச் சொல்லு,” என்றார். பிறகு வழி முழுக்கச் சாரதியோடு கிரிக்கெட் பற்றிக் கதைத்தார். அண்ணாவுக்குக் கிரிக்கெட் பிடிக்காது.

3

அண்ணா அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, உயர்ந்து, ஓய்வு பெற்றவர். அவரும் அவர் மனைவியான மச்சாளும் கடற்கரைப் பக்கத் தொடர்மாடி ஒன்றில் நாலாவது மாடியில் இருக்கிறார்கள். ஒரே மகன் மெல்பேணில்.

திவசத்தன்று ஐயர் போன பிறகு நாங்கள் நாலு பேருமாகச் சாப்பிட இருந்தோம். மச்சாள்தான் ஆரணியிடம் அவளுடைய படிப்பைப் பற்றிக் கேட்டார். அவள் ஆர்வமாகச் சொல்லத் தொடங்கினாள். வாக்கெடுப்பு, பாராளுமன்றம், எண்ணெய் வளம் யாருக்கு என்ற வழக்கு. இடையிடையே தனிநாடு, தனிநாடு என்று அந்தச் சொல் வந்துகொண்டே இருந்தது. அண்ணா சாப்பாட்டுக் கையோடு எழும்பினார். இடது கையால் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். வெளியே கடல்காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. வந்து இருந்து, “சொல்லு பிள்ளை,” என்றார்.

ஆரணி சாத்திய ஜன்னல்களைப் பார்த்துவிட்டு, மச்சாளிடம் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.

அடுத்த நாள் அவள் கொட்டாஞ்சேனைக்குப் போக வேண்டும் என்றாள். துர்கா என்று ஒரு பெண். இணையத்தில் நடக்கும் தமிழ் வகுப்பொன்றில் ஆரணிக்கு இரண்டு வருடமாகத் தமிழ் சொல்லிக் கொடுப்பவள். பகலில் கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை. ஊர் ஹற்றன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். கொட்டாஞ்சேனையில் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து இரண்டு அறை வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன்.

துர்காவுக்கு இருபத்தாறு வயது இருக்கும். நல்ல துணிச்சல்காரி. பிளேன்டீ போட்டுத் தந்துவிட்டு ஆரணியின் கதையை முழுக்கக் கேட்டாள். பிறகு, “அது சரி ஆரணி, உங்க ஸ்கொட்லாந்துல எல்லாரும் உள்ள வருவாங்க. இங்க கேட்ட நாட்டுல எங்க ஊரு இல்லியே,” என்றாள். “வடக்கு, கிழக்குன்னு கோடு போட்டாங்க. நாங்க கோட்டுக்கு வெளியில. அடி விழுந்தப்ப மட்டும் எங்களையும் தமிழருன்னு சேர்த்துதான் அடிச்சாங்க.”

ஆரணி என்னைப் பார்த்தாள். “உண்மையோ, அம்மா?”

“ஓம்,” என்றேன்.

அன்று பின்னேரம் கடற்கரைக்குப் போய் ரயில் பாதையருகே நின்று ஒரு படம் எடுத்தாள். கழற்றச் சொன்ன பட்ஜைச் சட்டையில் குத்தியிருந்தாள். படத்தைத் தன்னுடைய பக்கத்தில் போட்டு ஆங்கிலத்தில் எழுதினாள். தங்கள் எதிர்காலத்தை ஒரு மக்கள்கூட்டம் தாங்களே தீர்மானிக்க வேண்டும், ஸ்கொட்லாந்திலும், இங்கேயும். நான் அதைப் பார்க்கவில்லை. வேறு யாரோ பார்த்திருக்கிறார்கள்.

4

இரண்டு பேர் வந்தார்கள். சாதாரண உடுப்பு. மூத்தவருக்கு ஐம்பது வயதிருக்கும், மற்றவர் இளம் ஆள். புலனாய்வுப் பிரிவில் இருந்து வருகிறோம் என்று சொல்லி ஓர் அட்டையை அண்ணாவிடம் காட்டினார்கள். அண்ணா அதை வாசிக்காமலே, “வாருங்கோ மாத்தயா, வாருங்கோ,” என்று கதவை அகலத் திறந்தார். மூத்தவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். வேண்டாம் என்று மச்சாள் சொல்லியும் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. அவர்கள் உடனே போகப் போவதில்லை.

பேச்சு சிங்களத்தில் நடந்தது. வீட்டுக்கு ஆட்கள் வந்திருக்கிறார்களாமே என்றார் மூத்தவர். தங்கச்சி, அப்பாவின் திவசத்துக்கு வந்தவள் என்றார் அண்ணா. கடவுச்சீட்டுகளைக் கேட்டார்கள். நான் எடுத்துக் கொடுத்தேன். பிரித்தானியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இத்தனை வருடம் பயணம் செய்திருக்கிறேன். அந்த நேரம் நான் திரும்பவும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாகத்தான் நின்றேன்.

மூத்தவர் ஆரணியின் பக்கம் திரும்பி ஆங்கிலத்துக்கு மாறினார். நல்ல ஆங்கிலம்.

“ஸ்கொட்லாந்தா? அங்கேயும் பிரிய வேண்டும் என்கிறார்களாமே.”

“சிலர் சொல்கிறோம். நானும் சொல்கிறேன்,” என்றாள் ஆரணி.

அண்ணாவின் கை கதிரைப் பிடியை இறுக்கியது.

“அரசாங்கம் என்ன செய்தது?”

“வாக்குப் போட விட்டது. நாங்கள் தோற்றோம்.”

“பிறகு?”

“அடுத்த நாள் எல்லோரும் வேலைக்குப் போனார்கள்.”

இளையவர் சிரித்துவிட்டார். மூத்தவர் சிரிக்கவில்லை. மச்சாள் கொண்டுவந்து வைத்த தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். “என் தம்பி இராணுவத்தில் இருந்தான்,” என்றார். அதற்கு மேல் தம்பியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பிறகு தன் போனை எடுத்துப் படத்தைக் காட்டினார். “‘இங்கேயும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு என்ன பொருள்?”

“மக்களிடம் கேட்க வேண்டும் என்று பொருள்,” என்றாள். குரல் இறங்கியிருந்தது. ஆனால் சொன்னாள்.

அவர் போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். “நீங்கள் திரும்பிப் போய்விடுவீர்கள், மிஸ். இவர் இங்கேதான் இருக்கப் போகிறார்,” என்று அண்ணாவைக் காட்டினார். கோபமாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வது போலச் சொன்னார். எழும்பினார், தேநீருக்கு நன்றி சொன்னார், வாசலில் இருந்து ஆறுதலாகச் சப்பாத்து நாடாவைக் கட்டினார். லிஃப்ட் கதவு மூடிய சத்தம் கேட்கும் வரை நாங்கள் நாலு பேரும் நின்ற இடத்திலேயே நின்றோம்.

5

“இப்பவே அழி,” என்றேன் நான்.

“ஏன்? நான் என்ன பிழையாய் எழுதினனான்?”

“பிழை சரி கேக்கேல்ல. அழி.”

“அம்மா, நீங்கள் எல்லாரும் இப்பிடித்தான். மாமா ஜன்னலைச் சாத்துறார். நீங்கள் கிளாஸ்கோவில இருந்துகொண்டும் சாத்துறீங்கள்.” அழுகையும் கோபமுமாக ஆங்கிலத்துக்குப் போய்விட்டாள். மாமா ஒரு கோழை என்ற பொருளில் ஒரு சொல்லும் வந்தது. அண்ணாவுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும்.

அவர் அவளுக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். தனக்குள் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் எங்களுக்குச் சொன்னார். எனக்குப் பாதி தெரியும். மீதி தெரியாது.

“வீடு எரிஞ்சு கன நாள் இல்லை. தனிநாட்டை ஆதரிக்கமாட்டன் எண்டு அரசாங்க உத்தியோகத்தர் எல்லாரும் சத்தியம் செய்ய வேணும் எண்டு சட்டம் வந்தது. செய்யாட்டி வேலை இல்லை. எங்களைப் பெரிய அறையில நிப்பாட்டினவை. சிங்கள ஆக்களும் சத்தியம் செய்தவைதான். ஆனால் அவை சொல்லேக்க ஆரும் பாக்கேல்ல. நாங்கள் சொல்லேக்க முழு அறையும் திரும்பிப் பாத்தது. எனக்குக் குரல் வரேல்ல. திணைக்களப் பெரியவர் திரும்பச் சொல்லச் சொன்னார். ரெண்டாந்தரம் சத்தமாச் சொன்னனான்.”

“அம்மப்பா என்ன சொன்னவர்?” என்றாள் ஆரணி.

“அவை அப்ப கப்பலில யாழ்ப்பாணம் போயிட்டினம். உன்ர அம்மாவும் தான். அப்பாவுக்குத் தனிநாடு எண்டால் உயிர். நான் சத்தியம் செய்தது தெரிஞ்ச நாளில இருந்து எனக்கு ஒரு சொல் எழுதேல்ல. என்ர சம்பளத்திலதான் அங்க அடுப்பு எரிஞ்சது. அவருக்கும் அது தெரியும்.”

“எவ்வளவு நாள்?”

“வருசங்கள். பிறகு அங்கயும் இருக்க ஏலாமல் இஞ்ச வந்தவை. வாசலில நிண்டு என்னைப் பாத்தார். ‘இஞ்ச தண்ணி எத்தனை மணிக்கு வரும்?’ எண்டு கேட்டார். காலமை அஞ்சுக்கு எண்டு சொன்னன். அதோட கதைக்கத் தொடங்கிட்டார். அதைப் பற்றி நானும் கேக்கேல்ல, அவரும் சொல்லேல்ல. அப்பிடியே செத்துப் போனார்.”

ஆரணி கண்ணைத் துடைத்தாள். “உங்களுக்குத் தனிநாடு வேணுமாய் இருந்ததோ, மாமா?”

அண்ணா என்னைப் பார்த்தார். பிறகு மூடியிருந்த ஜன்னலைப் பார்த்தார். “ஓம். அப்பாவிலும் பாக்கக் கூட.”

ஐம்பது வருடத்துக்கு மேலாக அவருடைய தங்கை நான். இது எனக்குத் தெரியாது.

“இப்ப?”

“இப்ப என்னட்ட ஆரும் ஒண்டும் கேக்காமல் விட்டாக் காணும்.”

ஆரணி போனை எடுத்து, “மாமா, நான் இதை அழிக்கவோ?” என்று கேட்டாள்.

“அது உன்ர படம். நான் சொல்லமாட்டன். என்னட்ட அப்ப வேணுமோ வேண்டாமோ எண்டு ஆரும் கேக்கேல்ல. அதை நான் உனக்குச் செய்யக்கூடாது.”

“நான் சொல்லுறன், அழி,” என்றார் மச்சாள் குசினிக்குள் இருந்து.

அடுத்த நாள் காலை படம் அங்கே இல்லை. எடுத்துவிட்டாயா என்று நான் கேட்டேன். “மாமாவுக்காக எடுத்தனான். நீங்கள் வெண்டிட்டீங்கள் எண்டு நினைக்காதேங்கோ,” என்றாள்.

6

நான் மூச்சு விட்டது பத்து நாளைக்குத்தான். திரும்பிப் போவதற்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் தன் உடுப்புகளைத் தனியாக வைத்தாள். துர்காவின் வீட்டில் மற்றப் பெண் விலகிப் போகிறாளாம். அந்த அறையைத் தான் எடுக்கப் போவதாகச் சொன்னாள். ஒரு வருடம் படிப்பைத் தள்ளிப்போடலாமா என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டாயிற்று, சம்மதமும் வந்தாயிற்று. விசாவை நீடிக்க அண்ணாவோடு போய் வரிசையில் நின்று, அதுவும் கிடைத்தாயிற்று. ஏன் நிற்கப் போகிறீர்கள் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். தமிழும் சிங்களமும் படிக்க என்றிருக்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியாது.

“அண்ணா, நீங்களுமோ?” என்றேன்.

“கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். போனனான்.”

“அந்த ரெண்டு பேரும் வந்து போனதை மறந்திட்டீங்களோ?”

“மறக்கேல்ல.”

மச்சாளுக்கு வேறு கவலை. “இஞ்ச நிக்கிறதெண்டால் எங்களோட நிக்கட்டும். கொட்டாஞ்சேனையில, தோட்டத்துப் பிள்ளையளோட போய் நிண்டால் நாளைக்கு ஆக்கள் என்ன கதைப்பினம்?” என்றார். ஆரணி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மச்சாள் குசினிக்குப் போய்விட்டார். கிளாஸ்கோவில் இருந்து என் கணவர் போனில் கத்தினார். கையோடு கூட்டிக்கொண்டு வா, நீ தாயா வேறு யாராவதா என்றார். போனை ஆரணியிடம் கொடுத்தேன். அவள் அப்பாவிடம் ஆங்கிலத்தில் மெதுவாக, நீளமாகக் கதைத்தாள். வைத்த பிறகு எனக்குச் சொன்னாள். “அம்மா, நான் உங்களிட்டக் கேக்கேல்ல. சொல்லுறன்.”

நான் அண்ணாவிடம் ஓடினேன். “உங்கட பிள்ளை எண்டால் விடுவீங்களோ?”

“என்ர பிள்ளையும் கேக்கேல்ல, வாணி. போயிட்டான்.” பிறகு, “எனக்கும் பயம்தான். உன்னிலும் பாக்கக் கூடப் பயம். ஆனால் மறிச்சால் அவள் அங்க போய்க் கன வருசத்துக்கு உன்னோட கதைக்கமாட்டாள். அது எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும்,” என்றார்.

விமான நிலையத்தில் அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். அழுதாள். மனம் மாறிவிட்டாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். மாறவில்லை. நான் உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தபோது அண்ணாவும் அவளும் ஏதோ கதைத்துக்கொண்டு நடந்து போனார்கள்.

7

இது நடந்து நாலு மாதம். நான் மருத்துவமனை ஆய்வுகூடத்துக்குப் போய் வருகிறேன். கணவர் என்னோடு அளவாகக் கதைக்கிறார். ஆரணி ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். அவளுடைய தமிழ் எங்கேயோ போய்விட்டது. வேகம் வந்திருக்கிறது, நிறைய வந்திருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டுத் தமிழ் இல்லை.

போன கிழமை எடுத்தாள். “இப்பதான் கடைக்குப் போயிட்டு வந்தேன்மா. நீங்க சாப்பிட்டீங்களா?”

“வந்தனான் எண்டு சொல்லு,” என்றேன். வாய் தானாகத் திருத்திவிட்டது.

“அப்படிப் பேசினா இங்க யாழ்ப்பாணமான்னு கேக்கிறாங்க. கிளாஸ்கோன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க.” சிரித்தாள். பின்னால் துர்காவின் சிரிப்பும் கேட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கேட்பதையே அன்றும் கேட்டேன். “அந்த ஆக்கள் திரும்ப வந்தவையோ?”

மறுமுனையில் தெருவில் முச்சக்கரவண்டி ஒன்று போவது கேட்டது.

“மாமா வீட்டுக்கு ஒருக்கா வந்தாங்களாம். நான் எங்கன்னு கேட்டாங்களாம். மாமா இந்த வீட்டு விலாசத்தைக் குடுத்துட்டாரு.”

“குடுத்திட்டாரோ?”

“நான்தான் குடுக்கச் சொல்லியிருந்தேன்மா. எனக்காக அவரு பொய் சொல்லக்கூடாது. துர்காகிட்டயும் கேட்டுத்தான் சொன்னேன். வரட்டும்னு சொன்னா.”

நான் எழும்பி ஜன்னலடிக்குப் போனேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அவளை உடனே வரச் சொல்ல வாய் எடுத்தேன். அவள் வரமாட்டாள். வரச் சொன்னால், அடுத்த ஞாயிறு எடுக்கவும் மாட்டாள்.

“அம்மா? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கிறன்.”

“சாப்பிட்டீங்களான்னு கேட்டேனே.”

“சாப்பிட்டேன்,” என்றேன், அவளுடைய தமிழில். “நீ சாப்பிட்டியா?”